நாலாவது ரவுண்டைத் தாண்டாத பொசுக்கு அண்ணன்

மதுரை மண்ணில் இதுவரை பிறந்தவர்களிலேயே ஆக வேகமான ஆளும் ஆக மெதுவான ஆளும் ஒரே ஆள்தான். அவர் பெயர் பொசுக்கு. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. அது அவருடைய ஆதார் அட்டைக்கும் எங்கள் ஊர் பேங்குக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். எங்களுக்கெல்லாம் அவர் பொசுக்கு அண்ணன்.

முதலில் மெதுவைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் ஊருக்கே தெரிந்த பக்கம். ஒத்தக்கடையிலிருந்து மேல மாசி வீதிக்கு ஸ்கூட்டரில் வருவார். சாதாரண மனிதனுக்கு அரை மணி நேரம். இவருக்கு ஒண்ணேகால் மணி நேரம். ஒருநாள் பின்னால் பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் இவரைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, பெட்ரோல் தீந்துருச்சா? தள்ளி விடவா?" என்று கேட்டார். இவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, இண்டிகேட்டரை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, "இல்லண்ணே, இருக்கு" என்று பதில் சொன்னார். அதற்குள் பால்காரர் யானைக்கல் பாலத்தைத் தாண்டியிருப்பார்.

பரோட்டாக் கடையில் அவரோடு உட்கார்ந்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். நாலு பரோட்டாவையும் முதலில் சம அளவாகப் பிய்த்து அடுக்குவார். மேலே சால்னாவை ஊற்றுவார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"சாப்பிடுங்கண்ணே!"

"இரு மாப்ள. ஊறணும்ல. அதுக்கும் டயம் குடுக்கணும்ல."

தொழில், லிஃப்ட் மெக்கானிக். ஒத்தக்கடைப் பக்கம் புதிது புதிதாக முளைக்கிற அடுக்குமாடிகளில் லிஃப்ட் மக்கர் பண்ணினால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு திருகையும் மூன்று தடவை முடுக்கி, மூன்று தடவை தொட்டுப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஏழாவது மாடியிலிருந்து படியில் இறங்கி வருவார்.

"ஏண்ணே, நீங்க பார்த்த லிஃப்டுல நீங்களே ஏற மாட்டீங்களா?"

"பார்த்தது நான்தான மாப்ள. எனக்குத் தெரியாதா?"

இப்படிப்பட்ட ஆள்தான், ஞாயிற்றுக்கிழமை மதியம் மேல மாசி வீதியில் ஒரு ஸ்டேஷனரிக் கடை மாடியில் உட்கார்ந்து சீட்டுக்கட்டைப் பிரித்தால் அடுத்த பத்தாவது நிமிடத்தில் எதிரில் இருப்பவனைச் சட்னியாக்கி அனுப்புவார்.

அந்த மாடிக்கு நான் போனது தற்செயல். அப்போது நான் மருந்து கம்பெனி ரெப். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேப்ளர் பின் வாங்கப் போனேன். மேலே கூச்சல். "என்னங்க சத்தம்?" என்றேன். கடை முதலாளி அலுத்துக்கொண்டு, "சீட்டு வெளையாடுறாய்ங்க" என்றார். எட்டிப் பார்க்கலாம் என்று ஏறியவன், இன்றுவரை இறங்கவே இல்லை.

நீங்கள் நினைக்கிற ரம்மி இல்லை. இது வெளிநாட்டுச் சீட்டு. படம் போட்டது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பூதமோ படைவீரனோ மந்திரமோ இருக்கும். பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, நண்பர்களிடம் மாற்றிக்கொண்டு சேர்க்க வேண்டும். சேர்த்ததிலிருந்து அறுபதைப் பொறுக்கி உங்களுக்கென்று ஒரு கட்டு, இங்கிலீஷில் டெக்கு, கட்டிக்கொண்டு வர வேண்டும். ஆளுக்கு இருபது உயிர். யாருடைய இருபது முதலில் தீர்கிறதோ அவர் காலி. முதல் ரவுண்டில் உங்களுக்கு ஒரு சக்திதான். ஒரு சக்திக்கு ஒரு எலிக்குஞ்சு இறக்கலாம். ரெண்டாவது ரவுண்டில் ரெண்டு. இப்படியே ஏறி, எட்டாவது ரவுண்டில் டிராகன் இறக்கலாம். என்னைப் போன்ற ஆசைக்காரர்கள் கட்டுக்குள் பத்து டிராகனைச் சொருகிக்கொண்டு எட்டாவது ரவுண்டுக்காகக் காத்திருப்போம்.

பொசுக்கு அண்ணன் எங்களை எட்டாவது ரவுண்டுக்கு விட்டதே கிடையாது.

"நாலாவது ரவுண்டுக்குள்ள பொசுக்குன்னு முடிச்சுப்புடணும் மாப்ள" என்பார். பெயர் வந்தது அதனால்தான். "அஞ்சாவது ரவுண்டுல ஒனக்கு உதவுற சீட்டு எனக்கு எதுக்கு? ஒன் டிராகன் கையிலயே குந்தியிருக்கும். என் எலி ஒன்னையக் கடிச்சுட்டுப் போயிரும்."

அவர் கட்டு கட்டுகிற அழகைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை முழுக்க அதுதான் வேலை. அறுபது சீட்டைக் கலைத்து, ஆட்டம் தொடங்கும்போது எடுப்பதுபோல மேலேயிருந்து ஏழு எடுப்பார். இந்த ஏழு கையில் வந்தால் எத்தனையாவது ரவுண்டில் முடியும் என்று கணக்குப் போட்டு, லிஃப்ட் சர்வீஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார். மறுபடி கலைப்பார். மறுபடி ஏழு. இப்படி நூறு தடவை. எந்தச் சீட்டு அடிக்கடி கையில் செல்லாமல் தங்கிப்போகிறதோ அதைப் பிடுங்கி எறிவார். அது எவ்வளவு அழகான, அபூர்வமான சீட்டாக இருந்தாலும் சரி. ஒருமுறை நான் ஆறு மாதம் தவம் கிடந்து வாங்கிப் பரிசாகக் கொடுத்த ஒரு தங்கநிறப் பறவையை, "நல்லாருக்கு மாப்ள, ஆனா சோம்பேறி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு ரெண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஒவ்வொரு கட்டுக்கும் பெயர் வைத்து டப்பா மூடியில் மார்க்கரில் எழுதியிருப்பார். ஒன்றின் பெயர் 'மாட்டுத்தாவணி'. அந்த பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்குள்ளேயே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு ஏறுகிற கூட்டம் மாதிரி, முதல் ரவுண்டிலிருந்தே சின்னச் சின்ன வீரர்கள் திமுதிமுவென்று ஏறுவார்கள். ஒருத்தனைத் தடுப்பதற்குள் ஒன்பது பேர் உள்ளே. இன்னொன்று 'தெருநாய்'. அதில் எல்லாமே நாய். தனி நாய் ஒன்றும் செய்யாது. இன்னொரு நாய் வந்தால் ரெண்டுக்கும் வீரம் வரும். நாலு சேர்ந்துவிட்டால் நீங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். மூன்றாவது 'வரமொளகா'. அதில் ஆளே கிடையாது. எல்லாம் நெருப்பு மந்திரம். உங்கள் வீரர்கள் பாட்டுக்கு அணிவகுத்து நிற்பார்கள், இவர் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக உங்கள் உயிரில் தூவிக்கொண்டே இருப்பார்.

"ஒங்க உயிரும்தானண்ணே கொறையுது? தடுக்க ஒரு சீட்டாச்சும் வையுங்க."

"இருபது எதுக்குக் குடுத்துருக்கான்? பத்தொம்பது செலவழிக்கத்தான். கடைசி ஒண்ணு இருந்தாப் போதும்."

பச்சை விளக்கு எரிந்தாலும் ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு நகர்கிற ஆள் பேசுகிற பேச்சா இது?

இந்தச் சீட்டால் அவருக்கு வந்த கஷ்டமும் கொஞ்சமில்லை. அவர் அம்மா சோழவந்தான் பக்கம் கிராமத்தில் இருந்தார். பெண் வீட்டார் விசாரிக்க வந்தபோது, அந்தம்மா வெள்ளந்தியாக, "எம்மகனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடையாதுங்க. பீடி சிகரெட்டுக் கெடையாது. ஞாயித்துக்கெழமையானா சீட்டாடப் போவான், அம்புட்டுத்தான்" என்று சொல்லி வைத்தார். வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். இப்படி மூன்று இடம் போயிற்று. அண்ணனுக்கு நாற்பது வயதும் ஆயிற்று.

யாரோ மொட்டைக் கடுதாசி போட்டு, ஒருநாள் ஒரு கான்ஸ்டபிள் மாடியேறி வந்தார். "எல்லாரும் கைய மேல தூக்குங்கடா!" நாங்கள் தூக்கினோம். பொசுக்கு அண்ணன் மட்டும், "சார், இது அந்தச் சீட்டு இல்ல, ஒக்காருங்க, சொல்றேன்" என்று எலியிலிருந்து விளக்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆகியும் அவர் ரெண்டாவது ரவுண்டில்தான் இருந்தார். கான்ஸ்டபிள், "ஐயா, ஒங்கள நான் ஒண்ணும் பண்ணல, என்னைய விட்ருங்க" என்று எழுந்து போனார். அப்புறம் அந்தத் தெருப் பக்கமே அவரைக் காணோம்.

இப்போது லைப்ரரி மேடத்துக்கு வருகிறேன். வராமல் இந்தக் கதையை முடிக்க முடியாது.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். முப்பத்தெட்டு வயது. சௌராஷ்டிரக் குடும்பம். கல்யாணப் பேச்சை வீட்டில் எடுத்து எடுத்துச் சலித்து விட்டுவிட்டிருந்தார்கள். மேடம் எல்லாவற்றிலும் பொசுக்கு அண்ணனுக்கு நேர் எதிர். "வாரேன்" என்று அவர் சொன்ன சத்தம் நம் காதில் விழும்போது அவர் கீழே தெருவில் இருப்பார். ஒரு வடையை மூன்று கடியில் முடித்துக் கையும் கழுவியிருப்பார். ஆனால் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் கல்லுப் பிள்ளையார். எல்லாவற்றையும் தடுப்பார். நாம் ஒன்று இறக்கினால் அதை அழிப்பார். இன்னொன்று இறக்கினால் அதையும் அழிப்பார். ஒரு மணி நேரம் கழித்து, நாம் விட்டால் போதும் என்று இருக்கும்போது, ஒரே ஒரு சீட்டை இறக்கி மெதுவாக முடிப்பார்.

அவர் முதன்முதலில் வந்த நாளன்று மாடியில் இருந்த அத்தனை ஆண்களும் திடீரென்று மகா நல்லவர்களாகிவிட்டோம். "மேடம், நீங்க மொதல்ல ஆடுங்க." "மேடம், அந்தச் சீட்டத் திரும்ப எடுத்துக்கங்க, பரவால்ல." நானே வேண்டுமென்று ஒரு ஆட்டம் தோற்றேன். அடுத்து பொசுக்கு அண்ணன் உட்கார்ந்தார். 'தெருநாய்' கட்டு. ஒன்பது நிமிடம். நாலாவது ரவுண்டில் மேடம் காலி.

"மனுசனாண்ணே நீங்க? புதுசா வந்துருக்காக!" என்று நாங்கள் பாய்ந்தோம்.

"அவுகளும் சீட்டாடத்தான வந்துருக்காக?" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

இனி இந்தம்மா வரமாட்டார் என்று நினைத்தோம். அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் வந்து, எங்கள் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்காமல், "சார், ஒரு கேம் போடலாமா?" என்று பொசுக்கு அண்ணன் எதிரில் போய் உட்கார்ந்தார். மூன்று வருடம் அப்படியே ஓடியது. மூன்று வருடத்தில் மேடம் அவரை ஜெயித்தது நாலே நாலு தடவை. அந்த நாலு நாளும் மேடம் படியிறங்கும்போது பாட்டு முணுமுணுப்பார். அதைக் கேட்டுக்கொண்டே தோற்றவரும் சிரித்துக்கொண்டிருப்பார்.

மேடத்துக்கு வீட்டிலிருந்து போன் வரும். அம்மாவோடு அவர்கள் பாஷையில் கடகடவென்று பேசுவார். பொசுக்கு அண்ணன், ஏதோ லிஃப்ட் மோட்டார் சத்தத்தைச் சோதிப்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். கடை முதலாளியும் அதே பாஷைக்காரர். அவரிடம் ரகசியமாகப் போய், 'சாப்பிட்டீர்களா' என்பதை மேடத்தின் பாஷையில் எப்படிக் கேட்பது என்று பாடம் எடுத்தார். ரெண்டு வார்த்தை. மூன்று வாரம் பயிற்சி. அந்த ஞாயிறு மேடம் வந்ததும் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, சுத்தமான தமிழில், "மேடம், சாப்டீங்களா?" என்றார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

ஆக, மாடியில் எல்லோருக்கும் தெரியும். மேடத்துக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாது. சொல்ல வேண்டியவர் சொன்னால்தானே?

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிறு மேடம் வடையைக் கடித்துக்கொண்டே செய்தி சொன்னார். கோயம்புத்தூரில் பெரிய கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டதாம். இன்னும் ரெண்டே வாரம். அப்புறம் ஊர் மாறிவிடுவார். பொசுக்கு அண்ணன் கையிலிருந்த சீட்டெல்லாம் மேசையில் கொட்டியது. எல்லாம் நல்ல சீட்டு. ஜெயித்திருப்பார்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே ஒத்தக்கடையில் அவர் ரூமுக்குப் போனேன்.

"அண்ணே, போற மனுசிகிட்ட வாயத் தொறந்து சொல்லிருங்க. நான் டாக்டர்கிட்ட ரெண்டு நிமிசத்துல மருந்த வித்துட்டு வர்ற ஆளு. நான் எழுதித் தாரேன், நீங்க மனப்பாடம் பண்ணிக்கங்க."

கம்பெனி நோட்பேடில் எழுதினேன்: 'மேடம், ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கும் சம்மதம்னா வீட்டுல வந்து பேசுறேன்.' நானே மெச்சிக்கொண்டேன். எந்தப் பெண்ணும் மறுக்க முடியாத வாசகம்.

அண்ணன் வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"'ரொம்ப நாளா'ன்னு இருக்கே. இது இல்லாம ஜெயிக்க முடியுமா?"

"முடியும்..."

அடித்தார். "'ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன்.' அதான் சொல்லப் போறோமே, நெனச்சத எதுக்குத் தனியாச் சொல்லணும்? ஒரு ரவுண்டு வேஸ்ட்டு." அடித்தார். "'உங்களுக்கும் சம்மதம்னா.' இது தற்காப்பு. நம்ம டெக்குல தற்காப்பு கெடையாது." அடித்தார். "'வீட்டுல வந்து பேசுறேன்.' இது எட்டாவது ரவுண்டுச் சீட்டு மாப்ள. கையிலயே தங்கிரும்." அடித்தார்.

"சரிண்ணே. 'உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு' மட்டும் இருக்கு. அதுதான் மெயினு. அதச் சொல்லுங்க, போதும்."

அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எறக்க எங்கிட்ட சக்தி இல்ல மாப்ள" என்று சொல்லி அதையும் அடித்தார்.

மிச்சம் இருந்தது 'மேடம்' என்ற ஒரே வார்த்தை.

"இத நீங்க மூணு வருசமா வாராவாரம் சொல்லிக்கிட்டுத்தானண்ணே இருக்கீங்க!" என்று கத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். கோபம்கூட இல்லை அது. பாவமாக இருந்தது.

கடைசி ஞாயிறு வந்தது. மேடம் ரெண்டு மணிக்கே வந்துவிட்டார். கையில் பெரிய பை. ஆரப்பாளையத்திலிருந்து நாலரை மணிக்குக் கோயம்புத்தூர் பஸ். வந்த வேகத்தில் எல்லோருக்கும் ஒரு டப்பா அல்வா கொடுத்துவிட்டு, அண்ணன் எதிரில் உட்கார்ந்து, "வாங்க சார், கடைசியா ஒண்ணு" என்றார்.

எனக்கு மனதுக்குள் ஒரு நிம்மதி. இவர் ஆட்டம் பத்து நிமிடம். ரெண்டரைக்குள் முடிந்துவிடும். அப்புறம் ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது. எப்படியாவது பேச வைத்துவிடலாம். முதலாளியிடம் சொல்லி எல்லோரையும் டீ சாப்பிடக் கீழே கூட்டிப்போகிற ஏற்பாடுகூடச் செய்து வைத்திருந்தேன்.

முதல் ரவுண்டு. அண்ணன் ஒன்றும் இறக்கவில்லை. ரெண்டாவது ரவுண்டு. ஒரு மதில்சுவரை இறக்கினார். மாடியே திரும்பிப் பார்த்தது. இவர் கட்டுக்குள் சுவரா? மூன்றாவது ரவுண்டில் ஒரு வைத்தியர். உயிரைக் கூட்டுகிற சீட்டு. நாலாவது ரவுண்டில் இன்னொரு சுவர்.

"என்னண்ணே இது?" என்று ஒருத்தர் கேட்டேவிட்டார். அண்ணன் அடுத்த சீட்டை எடுத்தார்.

அஞ்சு, ஆறு, ஏழு. மணி மூன்றாகிவிட்டது. எட்டாவது ரவுண்டு தாண்டியபோது மற்றவர்களும் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். மேசை ஓரத்தில் அவருடைய டப்பா மூடி கவிழ்ந்து கிடந்தது. குனிந்து திருப்பிப் பார்த்தேன். மார்க்கரில் புதிதாக எழுதியிருந்தார்: 'கோரிப்பாளையம் சிக்னல்'.

அடப்பாவி மனுசா! மூன்று வருடம் நாலு ரவுண்டுக்காக உயிரைவிட்ட ஆள், யாரையும் நகரவிடாமல் நிறுத்திவைக்கிற ஒரு கட்டைச் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மேடத்துக்குப் புரியவில்லை. அவருக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. இடையிடையே ரெண்டொரு வீரன் அடித்ததில், பதினோராவது ரவுண்டில் மேடத்துக்கு உயிர் மூன்றுதான். அண்ணனிடம் மூன்று பலமுள்ள வீரன் ஒருத்தன் சும்மா நிற்கிறான். எதிரில் தடுக்க யாரும் இல்லை. அடித்தால் முடிந்தது. அண்ணன் அடிக்கவில்லை. "ஒங்க ரவுண்டு, மேடம்" என்றார்.

மேடம் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் அடிக்கல?"

அண்ணன் மேசையைப் பார்த்தார்.

"ஒங்களத்தான் சார் கேக்குறேன். ஊருக்குப் போறவளாச்சேன்னு பாவம் பாக்குறீங்களா? பிரிவு உபச்சாரமா? இந்த மாடியில எல்லாரும் எனக்கு விட்டுக்குடுத்துத்தான் ஆடுனாங்க. ஆபீஸ்ல அப்படித்தான், வீட்டுல அப்படித்தான், எங்க போனாலும் பொம்பளைன்னா பாத்து ஆடுறாங்க. நீங்க ஒருத்தர்தான் மொத நாளே என்னைய ஒரு ஆளா மதிச்சு அடிச்சீங்க. அதுக்காகத்தான் நாகமலையிலருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வாரேன். கடைசி நாள்ல நீங்களுமா?"

பேசும்போதே சீட்டையெல்லாம் அள்ளி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அந்த வேகம் தெரியும் எங்களுக்கு. இன்னும் அரை நிமிடத்தில் தெருவில் இருப்பார். நான் வாயைத் திறக்கப் போனேன். முதலாளி என் தோளை அழுத்திப் பிடித்தார்.

மேடம் பையைத் தூக்கினார். அப்போதுதான் பொசுக்கு அண்ணன் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை அவர் எடுத்து நிமிர்த்தவில்லை. அந்த மனிதர் ஒரு பொருளை விழுந்தபடி விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மேடம், முடிஞ்சிருச்சுன்னா நீங்க கெளம்பிருவீகல்ல."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் சொன்ன குரல் இருக்கிறதே, அது ஒளிக்கத் தெரியாத குரல். மாடி முழுக்கக் கேட்டது.

மேடம் நின்றார். பையைக் கீழே வைக்கவும் இல்லை, தோளில் மாட்டவும் இல்லை. மேசையில் இருந்த சுவர்களையும் வைத்தியர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் கையில் இருந்த டப்பா மூடியை வாங்கி எழுத்தைப் படித்தார். அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

"இது எம்புட்டு நேரம் இழுக்கும்?" என்று கேட்டார்.

"நூறு தடவ போட்டுப் பாத்தேன். மூணு மணி நேரம் வரைக்கும் இழுக்கும். அதுக்கு மேல என்னால முடியல, மேடம்."

மேடம் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. ரெண்டும் கலந்த ஒரு சத்தம் வந்தது. பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேல நல்ல வேல சார். நான் போகத்தான் போறேன்."

"போங்க மேடம். போக வேணாம்னு நான் சொல்லவே இல்ல. போயி நல்லா இருங்க."

"ஆறரைக்கும் ஒரு பஸ்ஸு இருக்கு" என்றார் மேடம். பிறகு, அவர் குரல் மாறியது. எங்களிடம் இதுவரை பேசாத ஒரு குரல். "அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க கோயம்புத்தூர் வாங்க. இந்த டெக்க எடுத்துட்டு வராதீங்க, ஒங்க நாயிங்கள எடுத்துட்டு வாங்க. நாலு ரவுண்டுல ஒழுங்கா அடிச்சு முடிங்க. மிச்ச நேரம் ஒக்காந்து பேசுவோம். ரெண்டும் வேற வேற சார். பேசுறதுக்கு எதுக்குச் சீட்டப் போட்டு இழுக்குறீங்க?"

நாங்கள் எல்லோரும் டீ சாப்பிடக் கீழே போனோம். யாரும் சொல்லாமலே போனோம்.

அடுத்த ஞாயிறு அவர் கோயம்புத்தூர் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். ரெண்டு வீட்டிலும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார்கள். சாதியென்றார்கள், பாஷையென்றார்கள், வயதென்றார்கள். அண்ணன் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் தரையில் உட்கார்ந்து, அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டார். அவரைப் போலப் பொறுமையாகக் கேட்க இன்னொரு ஆள் கிடையாது. எட்டாவது மாதம் எல்லோரும் பேசிக் களைத்துச் சரி என்றார்கள். சோழவந்தான் அம்மா முகூர்த்தப் பந்தலில் சம்பந்தியிடம், "எம்மகன் சீட்டாடித்தான் ஒங்க மகளப் புடிச்சான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது ரெண்டு பேரும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். அந்த ஊரிலும் லிஃப்ட் இருக்கிறது, படியும் இருக்கிறது. மேல மாசி வீதி மாடியில் நாங்கள் இன்னும் ஆடுகிறோம். நான் எட்டாவது ரவுண்டு வரைக்கும் தாராளமாகப் போகிறேன். என் டிராகன்கள் எல்லாம் இறங்குகின்றன. ஜெயிக்கவும் செய்கிறேன். ஒரு ருசியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். "மாப்ள, சாப்டியா?" என்பார். பேச விஷயம் ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்தப் போன் வருகிற வரைக்கும் அது எனக்கு ஞாயிற்றுக்கிழமையாகவே இருப்பதில்லை.